கடலுக்குள்ள கட்டின பங்களா: மாப்ளைக்கு மாமன் சொல்றது

வாய்யா மாப்ளே, உக்காரு. லண்டன் போனதும் ஒரு சனி ஞாயிறு பாத்து இத்தாலிக்குக் கிளம்புறியாமே? நேப்பிள்ஸ் பக்கத்துக் கடற்கரையில பழைய ரோமாபுரி இடிபாட்டை எல்லாம் சுத்திக் காட்ட கைடு வேற உண்டாமே? நல்லது. இடிஞ்ச வீடு நம்ம தெருவுலயே கிடக்கே, அதுக்கு எதுக்குப் பிளேன் டிக்கெட்டும்பா உங்க அத்தை. அவ கிடக்கா. மகன் தயவுல நானும் அங்க போயிட்டு வந்தவன். நாலு புத்தி சொல்லி அனுப்புறேன்.

முதல்ல பாயாவுக்குக் கூட்டிட்டுப் போவாக. ஆட்டுக்கால் கிடைக்கும்னு நாக்கைத் தீட்டிட்டுப் போயிராத, அது ஊர் பேரு. ரோமாபுரிக் காசுக்காரன் அத்தனை பேரும் வந்து ஆட்டம் போட்ட ஊரு. செனகான்னு ஒரு ஞானி அங்க போனாரு. ஒழுக்கங்கெட்ட ஊருன்னு மறுநாளே மூட்டையைக் கட்டிட்டாரு. அதோட விட்டாரா? படகுல பாட்டு, கரையில குடின்னு எல்லாத்தையும் கடுதாசியா எழுதி வச்சாரு. ஒரே நாள்ல அம்புட்டையும் எப்படிப் பாத்தாருன்னு கேக்கப்படாது. ஞானி கண்ணு அப்படி.

அடுத்த புத்தி. மெர்க்குரி கோயில், வீனஸ் கோயில்னு காட்டுனா பொசுக்குன்னு செருப்பைக் கழட்டிராத. அம்புட்டும் குளிக்கிற இடம். மெர்க்குரி கோயில்ங்கிறதுக்கு மேல கவுத்து வச்ச கூரை குறுக்கால 21 மீட்டருக்கு மேல. ரோம்ல இருக்கிற பாந்தியன் கூரைக்கே அது மூத்தது. பொட்சுவோலியில செராபிஸ் கோயில்னு ஒண்ணு. அது மார்க்கெட். 1750ல தோண்டுறப்ப செராபிஸ் சாமி சிலை கிடைச்சிருக்கு, உடனே கோயிலாக்கிட்டாக. பக்கோலியில அக்ரிப்பினா சமாதிம்பாக. அதுவும் எவனோ ஒருத்தன் பங்களாவோட அரங்கம்.

அக்ரிப்பினா யாருன்னு தெரியுமில்ல? நீரோவைப் பெத்தவ. கி.பி. 59ல மகன் பாயாவுக்குக் கூப்பிட்டு விருந்து வச்சு, நொறுங்கி விழுற மாதிரி செஞ்ச படகுல ஏத்தி அனுப்பிச்சான். அவ நீந்தித் தப்பிச்சுட்டா. அப்புறம் வீட்டுக்கே ஆள் விட்டு முடிச்சான். எங்க அக்காளையும் கூட்டிட்டுப் போறியாம். படகுல ஏத்துறப்ப இந்தக் கதையை எடுத்துராத. சொத்து இன்னும் அவ பேர்லதான் இருக்கு.

நீ ஏறப்போற படகுக்கு அடியில கண்ணாடி. குனிஞ்சு பாத்தா 5 மீட்டர் ஆழத்துல கிளாடியஸ் ராசாவோட விருந்து மண்டபம். நிக்கிற சிலை நகல். அசல் மேல கோட்டை மியூசியத்துல பத்திரமா இருக்கு. அந்தக் கரையிலதான் ஹார்ட்டென்சியஸ்னு பெரிய வக்கீல், தன் பங்களாத் தொட்டியில வளத்த மீன் செத்துப்போச்சுன்னு அழுதான். அதே பங்களாவுல அன்டோனியாங்கிற சீமாட்டி செல்ல மீனுக்குக் கம்மல் போட்டா. அதை வேடிக்கை பாக்கவே வெளியூர்ச் சனம் வந்துச்சாம். ஆக, அந்தக் கரையில வாயப் பொளந்துக்கிட்டு நிக்கப்போற முதல் ஆளு நீயில்ல.

அவ்வளவு பவிசும் ஏன் முங்குச்சு? ரொம்பவும் தரை இறங்கினதாலதான். அடியில எரிமலை; சாப்பிட்டுப் படுத்த மாமன் வயிறு மாதிரி பூமி ஏறும், இறங்கும். பொட்சுவோலி மார்க்கெட்ல நிக்கிற மூணு தூணையும் தவறாம பாரு. 7 மீட்டர் உயரம் வரைக்கும் கடல் சிப்பி கல்லைக் குடைஞ்ச ஓட்டை இருக்கும். அம்புட்டு ஆழம் முங்கிக் கிடந்துட்டுத் திரும்ப மேல வந்திருக்கு. 1982க்கும் 1984க்கும் நடுவுல மட்டும் பொட்சுவோலி 1.8 மீட்டர் கிட்ட உசந்துச்சு. இப்பவும் உசருது, துறையில தண்ணி வத்தி மீன்படகு தரை தட்டுது.

அதே எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போட குழைச்சுத்தான் கடல் தண்ணிக்குள்ளயே இறுகுற காரை செஞ்சான் ரோமாபுரிக்காரன். ரெண்டாயிரம் வருசமா காரை நிக்குது மாப்ளே. அது நின்ன தரைதான் நிக்கல.

ஒராட்டான்னு ஒருத்தனைப் பத்தியும் கேட்டு வை. லுக்ரினோ ஏரியில சிப்பி வளத்துக் காசு பாத்தவன். பங்களாவுல புதுசா வெந்நீர்க் குளியல் வசதி போட்டு, அதைக் காட்டியே ஒண்ணொண்ணா வித்தான்னு பிளினிங்கிற ரோமாபுரி எழுத்தாளரு எழுதியிருக்காரு. கடலைப் பாத்த ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போறேன்னியே, உன் புரோக்கரும் நீச்சல் குளம், ஜிம்முன்னு படம் காட்டியிருப்பானே? அவன்கிட்ட தரையைப் பத்தி ஒரு வார்த்தை கேளு. பதில் சொல்லாம காபி வாங்கிக் கொடுத்தான்னா, காபியைக் குடிச்சிட்டு எந்திரிச்சு வா.

அப்பவும் ஆசை அடங்கலையா? உன் காசுல வாங்கிக்க. அக்கா பேர்ல இருக்கிற புஞ்சையை மட்டும் வித்துராத. அங்க தண்ணிதான் கிடையாது; தரை போட்ட இடத்துல கிடக்கும்.