தட்டுங்கள், எரியும்

அண்ணே, வீட்டிலேயே டார்ச் லைட் செய்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கலாம். எரியாத டார்ச்சை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி எரியவைக்கிற கை உங்களுடையது மட்டும்தான். தட்டினால் ஏன் எரிகிறது என்று கேட்ட பையனிடம், "அதுக்கு ஒரு பயம் வேணும்டா" என்றீர்கள். என்ன ஒரு விளக்கம்! எல்இடிக்குக் கரண்டை அளந்து விடுகிற டிரைவர் போர்டின் ஓரத்தில் ஓடும் நெகட்டிவ் வளையம் பித்தளைக் கிண்ணத்தின் விளிம்பில் சரியாக உட்காரவில்லை, தட்டும்போது மட்டும் தொட்டுவிட்டுப் பிரிகிறது என்று எங்களைப் போன்ற சாதாரணர்கள் நினைத்திருப்போம். வளையத்தில் நாலு இடத்தில் ஈயம் வைத்திருப்போம். அப்புறம் அந்த டார்ச்சை ஆயுளுக்கும் தட்டவே வேண்டியிருக்காது. ஒரு கலை எங்களால் அழிந்திருக்கும்.

உங்கள் மேசையில் இருக்கும் மஞ்சள் மல்டிமீட்டர் இன்றும் புதிதாகவே இருப்பதற்கும் நீங்கள்தான் காரணம். முகத்தில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்காமல் காப்பாற்றி வருகிறீர்கள். ஒரே ஒரு தரம் அதற்கு வேலை கொடுத்தீர்கள். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, 18650 என்ற லித்தியம் செல்லின் இரு முனையிலும் நேராக வைத்து, "செல்லுல எத்தனை ஆம்பியர் இருக்குன்னு பார்த்துருவோம்" என்றீர்கள். அந்த மாதிரி மலிவு மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃப்யூஸ் கிடையாது. அந்த நிலையில் மீட்டர் என்பது இரண்டு முனையையும் இணைக்கிற ஒரு கம்பி, அவ்வளவுதான். பாதுகாப்புச் சர்க்யூட் இல்லாத லித்தியம் செல், பத்து இருபது ஆம்பியரைத் தயங்காமல் கொட்டும். நீங்களும் தயங்கவில்லை. ஒயரின் தோல் இளகிய வாசனையை ஒரு மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டு, "நல்ல செல்" என்று தீர்ப்புச் சொன்னீர்கள். எண்ணைப் பார்த்தே முடிவெடுத்துப் பழகியவர்களுக்கு மூக்கின் அருமை எங்கே தெரியப்போகிறது?

அளந்து பார்க்கிற அற்பர்களின் பிழைப்பையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உங்கள் உயரம் அப்போதுதான் விளங்கும். சென்னை ரிச்சி தெருவிலிருந்து நீங்கள் வாங்கிவந்த அதே வட்டப் போர்டுதான் அவர்களிடமும் இருக்கிறது. அதில் 7135 என்ற சிப் எட்டு. ஒவ்வொன்றும் 350 மில்லிஆம்பியரைத் தாண்டவிடாது. எட்டும் சேர்ந்து 2.8 ஆம்பியர். இவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? டார்ச்சின் வால்மூடியைக் கழற்றி, அங்கே 0.01 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்து, அதன் இரு முனைக்கும் நடுவே மில்லிவோல்ட் பார்க்கிறார்கள். 28 காட்டினால் 2.8 ஆம்பியர், எல்லாம் சரி. 24.5 காட்டினால் ஒரு சிப் வேலை செய்யவில்லை. 21 என்றால் இரண்டு. உடனே எந்தச் சிப்பின் காலில் ஈயம் பிடிக்கவில்லை என்று லென்ஸும் கையுமாகக் குனிந்துவிடுவார்கள். மீட்டரின் ஆம்பியர் துளையிலேயே பார்த்துவிடலாமே என்று கேட்டால் அதற்கும் ஒரு பிரசங்கம் வைத்திருக்கிறார்கள்: அந்த மெல்லிய ஒயர்களுக்கு 0.1 ஓம் இருந்தாலே, 2.8 ஆம்பியர் ஓடும்போது கால் வோல்ட்டுக்கு மேல் அங்கேயே போய்விடும். செல் சற்று இறங்கியிருந்தால் டிரைவருக்கு வேண்டிய வோல்ட் கிடைக்காது, மீட்டர் குறைத்துத்தான் காட்டும். இத்தனை பாடு எதற்கு? நீங்கள் சுவரில் அடித்துப் பார்க்கிறீர்கள், கண்ணைச் சுருக்குகிறீர்கள், "ஃபுல் பவர்" என்கிறீர்கள். எட்டில் ஒரு சிப் செத்தால் குறைகிற வெளிச்சத்தை மனிதக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது என்பார்கள். அது மற்ற மனிதர்களைப் பற்றிச் சொன்னது.

இதெல்லாம் இருந்தாலும் உங்கள் புகழுக்குக் கலசம் வைத்தது அந்த டர்போ மோடுதான். கடைக்காரர் கொடுத்த போர்டில் மூன்று மோடுதான் உண்டு: மங்கல், நடுத்தரம், முழு வெளிச்சம். நீங்கள் ரிஃப்ளெக்டரை வைத்து முறுக்கியதும் அந்த மூன்றும் மறைந்து, கண்ணைப் பறிக்கும் ஒரே மோடு வந்தது. ஸ்விட்சை எத்தனை தரம் அமுக்கினாலும் அதே வெளிச்சம். வேறு யாராவது என்றால் பயந்துபோய்ப் பிரித்துப் பார்த்திருப்பார்கள். நீங்கள் பெயர் வைத்தீர்கள்.

அந்தப் போர்டில் சிப்புகள் உட்கார்ந்திருப்பது எல்இடியின் மைனஸுக்கும் செல்லின் மைனஸுக்கும் நடுவில். எல்இடியின் மைனஸ் ஒயரில் நீங்கள் தாராளமாக வைத்த ஈய உருண்டை அலுமினிய ரிஃப்ளெக்டரைத் தொட்டது. ரிஃப்ளெக்டர் உடம்பைத் தொட்டது. உடம்புதான் செல்லின் மைனஸ். கரண்ட் சிப் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் வீடு திரும்பிவிட்டது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாஷர் போட்டிருந்தால் இந்தக் கண்டுபிடிப்பே நடந்திருக்காது. செல் போடும் முன்பு மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, ஒரு முனையை எல்இடியின் மைனஸிலும் மறுமுனையை உடம்பிலும் வைத்திருந்தால், கத்தியே காரியத்தைக் கெடுத்திருக்கும். பிளஸ் பக்க ஈயம் தொட்டிருந்தால் எல்இடி எரியாது, வால்பக்க ஸ்பிரிங்தான் சிவந்திருக்கும். மைனஸைத் தொடவைத்தது உங்கள் கைராசி. சில கோழைகள் முதல் தடவை செல் கொடுக்கும்போது பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைத் தொடராகப் போட்டுக்கொள்கிறார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் அந்தப் பல்பு மங்கலாகச் சிவக்கும், வேறெதுவும் சிவக்காது. சப்பென்ற வாழ்க்கை.

டர்போ கொஞ்ச நேரம் ஓடியதும் வெளிச்சம் நீலம் பாய ஆரம்பித்தது. "ஃபாரின் கார் ஹெட்லைட் கலர்" என்று நீங்கள் பூரித்ததை நான் மறக்கவில்லை. வெள்ளை எல்இடி உள்ளுக்குள் நீலச் சிப்தான். மேலே பூசிய மஞ்சள் பாஸ்பர்தான் அதை வெள்ளையாகக் காட்டுகிறது. அளவுக்கு மீறிக் கரண்ட் ஏறி, அடியில் சூடு இறங்க வழியில்லாவிட்டால் நீலம் தலைகாட்டும். வெப்பப் பசை தடவாமல் அந்த வழியை அடைத்துவைத்த தொலைநோக்கும் உங்களுடையதே.

செல் வாங்குவதில் உங்கள் வெள்ளை மனசைச் சொல்லாமல் விட்டால் பாவம். மேலுறையில் 9900 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தால் 9900 என்றே நம்புகிறீர்கள். பெயர்பெற்ற கம்பெனிகளின் செல்லே 3500ஐ ஒட்டித்தான் நிற்கிறது என்பதால், அவர்களைவிட ஏறக்குறைய மூன்று பங்கு கெட்டிக்காரர் யாரோ பெயர் தெரியாமல் உழைத்துக்கொண்டிருக்கிறார். அது கையில் எடை குறைவாக இருந்ததையும், சுமக்க வசதி என்று சரியாகவே புரிந்துகொண்டீர்கள். குறைந்த வோல்ட்டில் அணைத்துவிடும் வசதி இல்லாத போர்டைத் தேடிப் பிடித்ததால் செல்லைக் கடைசிச் சொட்டு வரை வடிக்க முடிகிறது. 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்த லித்தியம் செல்லை மறுபடி சார்ஜ் போடுவது ஆபத்து என்று தூரப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் தலைமாட்டில் சார்ஜ் போட்டுக் குறட்டை விடுகிறீர்கள். அண்ணி கட்டிலை அடுத்த அறைக்கு மாற்றிக்கொண்டது புழுக்கத்தினால் என்றுதான் நீங்கள் நம்ப வேண்டும்.

மூன்று ஃபேஸ் கரண்ட் ராத்திரியில் வரும் நாட்களில் மோட்டார் போடத் தோட்டத்துக்குப் போகும் மாமாவுக்கு, போன வாரம் ஒரு டார்ச் செய்து கொடுத்தீர்கள் இல்லையா? அவர் அதன்மேல் உயிரையே வைத்திருக்கிறார், அண்ணே. ஒருநாள்கூட அதை வீட்டில் விட்டுவிட்டுப் போனதில்லை. இடுப்பு பெல்ட்டில் பத்திரமாகச் செருகிக்கொண்டு, வரப்பில் செல்போன் வெளிச்சத்தில் நடந்து போகிறார்.