ஜேசிபி விட்டா முடிஞ்சிரும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வளைகாப்பு. பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் மாமா. என் மனைவிக்குத் தாய்மாமன், ஓய்வுபெற்ற ரோடு கான்ட்ராக்டர். புளியோதரைக்கும் தயிர்சாதத்துக்கும் நடுவில், சுற்றியிருந்த அத்தனை இலைக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார்: "கீழடியில நம்ம மாப்ளயே நேர்ல பார்த்து ஒத்துக்கிட்டாரு. ஒரு ஜேசிபி விட்டா ரெண்டு மணி நேர வேலை. அதைப் போயி பத்து வருசமா நோண்டுறாய்ங்க."

நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குக் கீழடியில் வெயில் தாங்காமல் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அதை அவர் சம்மதக் கணக்கில் வரவு வைத்துவிட்டார். பந்தியில் வாய் நிறைய கேசரி இருந்ததால் மறுப்புச் சொல்லவும் வழியில்லை. அகழாய்வுக் குழியை ஏன் சதுரமாக வெட்டுகிறார்கள், ஏன் இவ்வளவு மெதுவாக வெட்டுகிறார்கள் என்பதை ஒருமுறை தெளிவாக எழுதிவிட்டால் இந்தப் பேச்சு அடங்கும். ஒரே பத்தியில் முடிகிற விஷயம்தான்.

அன்று நாங்கள் கீழடிக்குப் போய்ச் சேர்ந்தபோது தென்னந்தோப்பில் வேலை ஆரம்பித்து நேரமாகியிருந்தது. ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் குழி. உள்ளே நாலைந்து பெண்கள் குத்தவைத்து, சின்னக் கொத்தால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார்கள். கீறிய மண் சட்டியில் ஏறும், சட்டி மேலே வரும், மேலே சல்லடை. பானை ஓடு கிடைத்தால் எந்தக் குழி, எவ்வளவு ஆழம் என்று சீட்டு எழுதிப் பையில் போடுவார்கள். குழியைச் சுற்றிக் கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள்: முதுகுக்குப் பின்னால் கைகட்டி, ஒரு காலை முன்வைத்து, கீழுதட்டைப் பிதுக்கி நிற்கும் ஆண்கள். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆலோசனை சொல்பவர்கள் ஒருவர் விடாமல் ஆண்கள். இதை நான் வேறு இடங்களிலும் கவனித்திருக்கிறேன், வீடு உட்பட.

மாமா பத்து நிமிடம் பொறுத்தார். அவருடைய பொறுமைக்கு அது சாதனை. பிறகு சொன்னார், அந்த வாக்கியத்தை.

நான் ஆரம்பித்தேன். "மாமா, 1945-ல அரிக்கமேட்டுல மார்ட்டிமர் வீலர்னு ஒரு வெள்ளைக்காரர் தோண்டினார். அவர்தான் இப்படிக் கட்டம் கட்டி, குழிக்கும் குழிக்கும் நடுவுல வரப்பு விட்டு..."

"வெள்ளைக்காரன் காலத்துல ஜேசிபி ஏது மாப்ள? அவன் என்ன பண்ணுவான், பாவம்."

வீலர் அங்கேயே நின்றுவிட்டார்.

ஜேசிபி விஷயத்தில் நம் மக்களோடு பேசிப் பயனில்லை. ஒரு தெருவில் மண்வெட்டியோடு ஆறு பேர் பள்ளம் வெட்டினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே தெருவுக்குள் மஞ்சள் வண்டி நுழையட்டும், கடை ஷட்டர் பாதி இறங்கும், பால் வாங்கப் போனவர் பாலோடு நிற்பார், ஆபீசுக்குக் கிளம்பியவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஸ்டாண்டு போடுவார். கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொள்ளும். வண்டி பின்னால் வரும்போது "வா வா வா, ஹோல்டு" சொல்வதற்கு ஒருவர் எங்கிருந்தோ தோன்றுவார். அவருக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை, சம்பளமுமில்லை. வண்டி போனதும் அவரும் போய்விடுவார். ஓட்டுகிறவர் இவர்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. முன்னால் எலுமிச்சம்பழம், கண்ணாடியில் அய்யனார் துணை, அதற்குக் கீழே பிள்ளைகள் பெயர். கைப்பிடியை இரண்டு தள்ளு தள்ளுவார். தெருவின் தார், குடிதண்ணீர்க் குழாய், தொலைபேசி வயர், முந்தைய வாரம்தான் மூடிய சாக்கடை எல்லாம் ஒரே வாளியில் வந்துவிடும். அப்போது கூட்டத்தில் கிளம்புகிற அந்த "ஆஹா"வை எந்தக் கச்சேரியிலும் நான் கேட்டதில்லை. குழாய் உடைந்ததால் நாலு நாள் தண்ணீர் வராது. அதற்குக் கார்ப்பரேஷனைத் திட்டுவோம், ஜேசிபியைத் திட்ட மாட்டோம். என் தங்கை மகனின் பிறந்தநாள் கேக் ஜேசிபி வடிவத்தில் வந்தது. வாளியில் சாக்லேட் மண். வெட்டியதும் அந்த வாளி யாருக்கு என்று சண்டை, பெரியவர்கள்தான் போட்டார்கள். வீடு கட்டினால், கிணறு தூர்த்தால், பங்காளியோடு வரப்புத் தகராறு வந்தால், ராத்திரியோடு ராத்திரியாக வேலியைப் பிடுங்க வேண்டுமென்றால், எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே மருந்து. மாமா தன் பைபாஸ் ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரிடம் இதைச் சொல்லாமல் விட்டது, மயக்க மருந்து முந்திக்கொண்டதால்தான் என்று நம்புகிறேன்.

இதில் எனக்கு மட்டும் விலக்கு உண்டென்று சொல்ல வரவில்லை. எங்கள் தெருவில் வண்டி வந்தால் மொட்டைமாடியில் எனக்கென்று ஒரு இடம் இருக்கிறது. ஆனால் கீழடியில் கூடவா?

மாமா அதற்குள் செல்போனில் கணக்குப் போட்டு முடித்திருந்தார். ஐந்துக்கு ஐந்து, மூன்றரை மீட்டர் ஆழம். "முப்பத்தொரு யூனிட் மாப்ள. எட்டு டிப்பர் லோடு. இதுக்கு இவ்வளவு ஆளா?" கயிற்றருகே நின்ற ஒருவர், மேடு மொத்தம் 110 ஏக்கர் என்று எடுத்துக் கொடுத்தார். மாமாவின் விரல் நடுங்கியது. "அஞ்சரை லட்சம் யூனிட்! சவுடு இன்னைக்கு என்ன ரேட்டு போகுது தெரியுமா?"

அந்த முகத்தைப் பார்த்து எனக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது. சிரிப்பு வரவில்லை. இந்த ஊரில் எத்தனை மேடுகள் இப்படி யூனிட் கணக்கில் லாரி ஏறியிருக்கும் என்று யோசித்தால் யாருக்கும் வராது.

நான் மறுபடி முயன்றேன். இங்கே 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு கரிம மாதிரியை அமெரிக்காவில் மயாமிக்கு அனுப்பினார்கள், கி.மு. 580 என்று கால முடிவு வந்தது, 2019-ல் தமிழகத் தொல்லியல் துறை அதை அறிக்கையாகவே வெளியிட்டது. அந்த 353 என்ற எண் இல்லாவிட்டால் அது வெறும் கரி, வாளியில் வந்தால் அந்த எண் கிடைக்குமா என்று கேட்டேன்.

"ஆபரேட்டர்ட்ட 353-ல நிறுத்துன்னா நிறுத்திருவான். நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், முட்டையை வாளியில எடுத்து வைப்பான்."

குழிக்குள்ளிருந்து ஒரு அக்கா நிமிர்ந்தார். கொத்து நுனியில் ஏதோ தட்டியிருந்தது. கல்லா ஓடா என்பதைக் கண்ணால் பார்க்குமுன் சத்தத்தை வைத்தே அவர் முடிவு செய்துவிட்டார். பிரஷ்ஷைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பேசினார். "ஏண்ணே, ஜேசிபி வந்தா எங்களுக்குச் சம்பளம் யாரு குடுப்பா, நீங்களா?" மாமா கான்ட்ராக்டர். சம்பளம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் பேச்சை மாற்றுவது நாற்பது வருடப் பழக்கம். "என்னம்மா, தங்கம் கிங்கம் கெடச்சுதா?" என்றார்.

தங்கம் கேட்பவர்கள் தனி ரகம். 2018-ல் நடந்த நான்காம் கட்ட அகழாய்வில் தங்க அணிகலன்கள் 7 கிடைத்தன என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. "மொத்தம் எத்தனை பவுன்?" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். ஆதன் என்றும் குவிரன் என்றும் தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்ததைச் சொன்னேன். யாரும் எடையைக் கேட்கவில்லை.

மெதுவாக நடக்கிறது என்று கோபப்பட வேண்டுமானால் அதற்கு வேறு இடம் இருக்கிறது. முதல் இரண்டு கட்டங்களைத் தோண்டிய அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கையைக் கொடுத்தார். 2025 மே மாதம் திருத்தித் தரும்படி அது அவரிடமே திரும்பி வந்தது. பேப்பரில் மண் கூடக் கிடையாது. இதைச் சொன்னபோது மாமா முதல்முறையாக என்னை அனுதாபத்தோடு பார்த்தார். பில் பாஸாகாத வலி அவருக்குத் தெரியும்.

மத்தியானம் அருங்காட்சியகம். 2023-ல் திறந்தது, செட்டிநாட்டு வீட்டுப் பாணி. மாமா தூண்களைத் தட்டிப் பார்த்தார். பகடைக்காய், சில்லு, தக்களி எல்லாவற்றையும் நடந்துகொண்டே பார்த்தார். சுடுமண் உறைகிணற்றுக்கு முன்னால் மட்டும் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். "உறை மேல உறை எவ்வளவு நூல் பிடிச்சு இறக்கியிருக்கான் பாருங்க" என்றார் மெல்ல. சரி, மனிதர் மாறிவிட்டார் என்று நினைத்தேன். "இதைக் கொஞ்சம் கொஞ்சமா தோண்டி எடுக்குறதுக்குள்ள வெயில்ல விட்டுப் போயிரும். ஒரு கிரேன் வச்சு..."

அன்று ராத்திரி குடும்பக் குழுவில் அவர் ஒரு செய்தியை அனுப்பினார். கீழடியில் 20,000 ஆண்டு பழமையான தமிழர் நகரம், உலகமே அதிர்ச்சி, உண்மைத் தமிழனாக இருந்தால் பகிரவும். காலையில் எதிரில் நின்று கேட்டவர்! 2,600 ஆண்டு என்று திருத்திப் போட்டேன். சகலை உடனே பதில் எழுதினார்: "சிலருக்குத் தமிழ்ப்பற்று கொஞ்சம் கம்மி." விடிவதற்குள் பெங்களூரில் இருக்கும் கொழுந்தியாள் வேறொரு செய்தியைப் போட்டாள், அதில் 50,000. மாமா இரண்டுக்கும் கைகூப்பியிருந்தார். என் 2,600 அப்படியே கிடக்கிறது.