பேய் வாங்கின மிட்டாய்

வா கண்ணு, இப்பிடித் திண்ணையில உக்காரு. என்ன, கண்ணு ரெண்டும் கோவப்பழமாட்டச் செவந்து கெடக்குது? ராத்திரி பூரா தூங்கலியா? பேய்ப் படமா? அதுவும் ஜப்பான்காரன் பேயா? நல்லா இருக்குது போ. நாங்க பேய்க்குப் பயந்துக்கிட்டுத் தூங்காமக் கெடந்தோம். நீங்க பேயப் பாக்கறதுக்குன்னு தூங்காமக் கெடக்கறீங்க.

அதென்ன பேரு சொன்னே? கெகெகெ நோ கிட்டாரோ. முதல்ல காதுல விழுந்தப்ப ஏதோ கிடாரிக் கன்னு வாங்கறதப் பத்திப் பேசறயாக்கும்னு நானுஞ் செவியத் தீட்டிக்கிட்டு வந்தேன். வந்து பாத்தா ஒத்தக் கண்ணுப் பொடியன் ஒருத்தன். இடது கண்ண மசுரு மூடிக் கெடக்குது. காலுல மரக்கட்டைச் செருப்பு. மேல மஞ்சளுங் கறுப்புமாப் பட்டை போட்ட கையில்லாத சட்டை. அதே சட்டையத்தான இப்ப நீ மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கறே? என்ன வெலை? ரெண்டாயிரத்து நானூறா? அவ்வளவு வாங்கிட்டுக் கையுமா வெக்காமக் குடுத்தான்? கதையில அந்தச் சட்டை அவன் முன்னோருங்க தலமுடியில நெஞ்சதாமா. உன்றத ஒருக்காத் தொவச்சுப் பாரு, எந்த முன்னோருன்னு தெரிஞ்சிரும். மரக்கட்டைச் செருப்பும் வாங்கியாச்சா? சரி, சரி.

எந்த வரிசையில பாக்கறதுன்னு ஒரு வாரமாக் கூட்டாளிகளோட மல்லுக்கட்டறயாமா. இதுல என்னடா வரிசை? தொலைக்காட்சியில 1968ல ஒண்ணு வந்துச்சு. அப்பறம் 1971, 1985, 1996, 2007, 2018ன்னு மொத்தம் ஆறு தொடரு. ரெண்டாவது மட்டும் முதலதோட தொடர்ச்சி. மத்ததெல்லாம் அந்தந்தக் காலத்துப் புள்ளைகளுக்குத் தக்கனாப்பல மறுபடி முதல்ல இருந்து கெளப்புனது. மொச்சக்காய எந்தப் பக்கம் உரிச்சா என்ன, உள்ள மொச்சதான இருக்கப்போவுது? 2018ல வந்ததுல அவன் கூட்டாளி, அந்தப் பூனைப்புள்ள, ஒசரமா வளந்துட்டாளாமா. அதுக்கு ஒரு பெரிய சண்டை. பொம்பளப்புள்ளைக வளராம என்ன பண்ணும்? ஆனா ஒண்ணு சொல்றேன், இது உனக்குத் தெரியாது. 1968ல அந்தப் பொடியனுக்குக் கொரல் குடுத்தது நொசாவா மசாகோங்கற அம்மா. அம்பது வருசங் கழிச்சு 2018ல அவன் அப்பனுக்குக் கொரல் குடுத்ததும் அதே அம்மாதான். மகனா இருந்து அப்பனா ஆனவங்கள ஊரு பூரா பாக்கலாம். அதச் சம்பளம் வாங்கிக்கிட்டு ஆனவங்க அந்தம்மா ஒருத்திதான்.

இன்னொருத்தன், உன்ற கூட்டாளி, மூக்க வானத்துக்குத் தூக்கிக்கிட்டு ஒண்ணு சொன்னானே. நான் மூலக்கதை மட்டுந்தான் படிப்பேன், பொம்மைப் படம் பாக்கறவனெல்லாம் ரசிகனே இல்லைன்னு. மூலம் மூலம்னு அவன அலைய வேண்டாம்னு சொல்லு. எங்க வயசு வந்தா அது தன்னால வரும்.

எது மூலம்? படக்கதையா? வாரப் பத்திரிகை ஷோனென் மேகசின்ல அது வந்தது 1965ல. அதுக்கு முன்னாடி 1960லயே வாடகைக்கு விடற புஸ்தகத்துல வந்திருச்சு. அதுக்கும் முன்னால 1954ல கமிஷிபாய். கமிஷிபாய்னா என்னன்னு கேக்கறயா? ஒரு ஆளு சைக்கிள்ல மரச் சட்டத்த வெச்சுக்கிட்டுத் தெருத்தெருவா வருவான். ஒரு கட்டையத் தட்டிச் சத்தம் போடுவான். புள்ளைக ஓடியாரும். படத்த ஒண்ணொண்ணா உருவி உருவிக் கதை சொல்லுவான். கதைக்குக் காசில்ல. மிட்டாய் வாங்கணும். வாங்குன புள்ளைக முன்னால உக்காரும். வாங்காதது பின்னால நின்னு எட்டிப் பாக்கும். அந்தக் கிட்டாரோ கதைகூட, அத வரைஞ்ச மிசுகி ஷிகேருவோட சொந்தச் சரக்கு இல்ல. 1930கள்ல இத்தோ மசாமிங்கறவரு எழுதி ஓடுன கமிஷிபாய். அதத்தான் இவரு வாங்கித் தன் கையால வரைஞ்சாரு.

இரு, இன்னும் பின்னால போவோம். அந்த மசாமி எங்கிருந்து எடுத்தாரு? பழங்கதையில இருந்து. ஒரு மிட்டாய்க் கடை. ராத்திரி கடை சாத்தற நேரத்துல வெளுத்த மூஞ்சியோட ஒரு பொம்பள வருவா. ஒரு காசு நீட்டுவா. மிட்டாய் வாங்கிட்டுப் போயிருவா. இப்பிடி ஆறு ராத்திரி. ஏழாம் ராத்திரி கையில காசில்ல. கடைக்காரனுக்குச் சந்தேகம். பின்னாலயே போனா இடுகாட்டுல போயி மறைஞ்சிட்டா. மண்ணுக்குள்ள இருந்து கொழந்தை அழற சத்தம். தோண்டுனா, செத்த ஆத்தா பக்கத்துல உசுரோட ஒரு கொழந்தை, வாயில மிட்டாய். செத்தவங்க ஆத்தத் தாண்டறதுக்குன்னு கூட வெச்சுப் பொதைக்கற ஆறு காசு இருக்குது பாரு, அதத்தான் அவ மிட்டாயாக்கியிருக்கறா. கியோத்தோவுல ஒரு கடைக்காரரு, 1599ல இது எங்க கடையிலதான் நடந்துச்சுன்னு சொல்லி இன்னிக்கும் அந்த மிட்டாய விக்கறாரு. நெசமோ பொய்யோ, யாவாரி யாவாரிதான். கிட்டாரோவும் அப்பிடித்தான் செத்த ஆத்தா வயித்துல இருந்து இடுகாட்டு மண்ணப் பொளந்துக்கிட்டு வெளிய வந்தான். அப்பன் ஒடம்பு அழுகிப் போயி, ஒரே ஒரு கண்ணு மட்டும் கை காலு மொளச்சு எந்திரிச்சு வந்து மகனப் பாத்துக்குது. கண்ணுக்குள்ள வெச்சு வளத்தேன்னு எங்கம்மா சொல்லுவா. அங்க கண்ணே வளத்துச்சு. அந்தக் கண்ணு அப்பன் கிண்ணத்துல சுடுதண்ணி ஊத்திக் குளிக்கறதப் பாத்தயா? அதுதான் குளியலு. நீ எப்பக் குளிச்சே?

இதுல இன்னொரு கூத்து. முதல்ல இதுக்குப் பேரு இடுகாட்டுக் கிட்டாரோ. தொலைக்காட்சிக்குப் போறப்ப, இடுகாடுன்னு பேரு இருந்தா விளம்பரக்காரன் காசு போட மாட்டானேன்னு 1967ல பேர மாத்துனாங்க. பேய் வேணும், இடுகாடு வேண்டாம். கருவாட்டுக் கொழம்பு வேணும், நாத்தம் வேண்டாங்கற கதைதான். கெகெங்கறது மிசுகியோட சின்ன வயசுப் பட்டப்பேராமா. ஷிகேருன்னு வாயில நொழையாம கெகெருன்னு சொல்லிச் சொல்லி ஒட்டிக்கிச்சு. அப்பறம் 1986ல வீடியோ கேம் வந்துச்சு. அத அமெரிக்காவுக்குக் கொண்டு போனவன் என்ன பண்ணான் தெரியுமா? பொடியன நிஞ்சாவாக்கிப்போட்டான். பேரும் நிஞ்சா கிட். பேய்ப் பையன்னா அங்க ஆரு வாங்குவாங்கறதுதான் கணக்கு.

ஆரு பலசாலின்னு அட்டவணை போட்டு வெச்சிருக்கறயாமே, காட்டு பாப்பம். மண்ண வாரி எறியற கெழவி சுனகாகே பபா. கொழந்தையாட்ட அழுது, ஐயோ பாவம்னு தூக்குனவன் மேல கல்லாக் கனக்கற கெழவன் கொனாகி ஜிஜி. பறக்கற துணி இத்தன் மொமென். சும்மா நிக்கற செவுரு நூரிகாபே. இதுக்கெல்லாம் மார்க்கு வேற போட்டிருக்கறே! மண்ண வாரி எறியறதுக்கு யோகாய், அதான் அவங்கூருப் பேயி, எதுக்குடா? வரப்புத் தகராறு வந்தா மேக்காலத் தோட்டத்துக் கெழவி போதும். இதுகளையெல்லாம் அந்தந்த ஊருல சனங்க வாய்வாக்காச் சொல்லிக்கிட்டிருந்தாங்க. யானகிதா குனியோன்னு ஒரு பெரிய மனுசன் எழுதி வெச்சாரு. எழுத்து இருந்துச்சு, மூஞ்சி இல்ல. மூஞ்சி வெச்சவரு மிசுகி.

நூரரிஹியோன்னு ஒரு வில்லன். மண்டை பூசணிக்காயாட்ட. ஊட்டுல எல்லாரும் சோலியா இருக்கற நேரம் பாத்து உள்ள வந்து, சொந்த ஊடாட்ட உக்காந்து டீயக் குடிச்சுப்போட்டுப் போவானாம். இதுக்குப் பேரு வில்லனா? எங்கூருல இதுக்குப் பேரு ஒறம்பரை. மாசத்துக்கு நாலு வருது. பொடக்காலி அழுக்க நக்கித் திங்கற அகனமேன்னு ஒண்ணு இருக்குது. அது ஒண்ணு கெடைச்சா எனக்குப் புடிச்சுக் குடு. உங்க ஆயா சந்தோசப்படுவா.

ஆனா எல்லாத்துலயும் மனுசன்னா நெசுமி ஒத்தோகோ, அந்த எலி மனுசன்தான். முன்னூறு வருசத்துக்கு மேல மேலுக்குத் தண்ணி வாத்துக்காதவன். காசு எந்தப் பக்கமோ அவன் அந்தப் பக்கம். கிட்டாரோவ வித்துப்போட்டு, அப்பறம் அவன்கிட்டயே வந்து காப்பாத்தும்பான். மிசுகிக்கு ரொம்பப் புடிச்சவனே அவன்தானாமா. ஊரு ஒலகத்தப் பாத்தவருக்குத் தெரியாதா?

பாத்தவருன்னா, நெசமாவே பாத்தவரு கண்ணு. சகைமினாத்தோங்கற மீன்புடி ஊருல வளந்த பையன். ஊட்டு வேலைக்கு வந்த ஒரு ஆயா, நொன்னொன்பான்னு கூப்புடுவாங்க, அவதான் பள்ளிக்கூடம். முகட்டுல கறை இருந்தா, ராத்திரி ஒருத்தன் வந்து நக்கிட்டுப் போறான்பாளாமா. பையன் படுத்துக்கிட்டே அந்தக் கறையப் பாத்துக்கிட்டிருப்பான். அப்பறம் பட்டாளத்துல புடிச்சு நியூ பிரிட்டன் தீவு ரபவுலுக்கு அனுப்பிச்சாங்க. மலேரியாவுல படுத்துக் கெடந்தவரு மேல குண்டு விழுந்து இடது கை போச்சு. அந்தக் காட்டுல தப்பிச்சு ஓடறப்ப, இருட்டுல கண்ணுக்குத் தெரியாத ஒரு செவுரு வழிய மறிச்சுச்சாமா. தள்ளுனாலும் போவல. களைச்சுப்போயி உக்காந்து எந்திரிச்சா, செவுத்தக் காணம். பின்னால நூரிகாபே கதை படிக்கறப்பத்தான், அட இதுதானா அதுன்னு தோணுச்சாம். குண்டு போட்டவன் மனுசன். பேயி ஒரு எடத்துலயும் அவரு கையத் தொடல. அதுதான் அவரு பேய்க மேல இத்தன பிரியமா இருந்தாரு போல. மிச்சமிருந்த ஒத்தக் கையில சாவற வரைக்கும் வரைஞ்சாரு.

அதுலயும் தூக்கத்த விடல. தெசுகாவும் இஷினோமோரியும், அவங்க பெரிய படக்கதை ஆளுக, தூங்காம வேலை செய்யறோம்னு பெருமையடிச்சாங்களாம். ரெண்டு பேரும் அறுவதுலயே போயிட்டாங்க. நல்லாத் தூங்குன மிசுகி 2015ல போனப்ப வயசு 93. இத அவரே ஒரு படக்கதையாவும் போட்டிருக்கறாரு. அவரு கதைய நீ ராத்திரி பூரா முழிச்சுப் பாக்கறே.

அவரு ஊருக்குப் போவோணும்னு உண்டியல்ல காசு சேக்கறயாமா. போயிட்டு வா. 1993ல கடைவீதியில 23 வெங்கலப் பொம்மை வெச்சாங்க. இப்ப 170க்கு மேல நிக்குது. யொனாகோ ரயிலடிக்குப் பட்டப்பேரு எலி மனுசன் ரயிலடி. அந்தத் தடம் போயி முடியற எடம் கிட்டாரோ ரயிலடி. விமான நிலையத்துக்கும் கிட்டாரோ பேருதான். ஆரம்பத்துல அந்தப் பொம்மைகளச் சில பேரு பேத்துத் திருடிக்கிட்டுப் போயிட்டாங்களாம். பேய் புள்ளையத் தூக்கிட்டுப் போவும்னு எங்காயா சொல்லுவா. அங்க புள்ளைக பேயத் தூக்கிட்டுப் போயிருக்குதுக.

ஆமா, பெத்தொபெத்தோ சான்னு ஒண்ணு இருக்குதே, அது உன்ற அட்டவணையில எங்க? இல்லியா? ராத்திரி தனியா நடக்கறப்பப் பின்னாலயே காலடிச் சத்தம் மட்டும் வரும். ஆளு தெரியாது. பயந்து ஓடக்கூடாது. ஓரமா ஒதுங்கி நின்னு, நீங்க முன்னால போங்கன்னு சொன்னாப் போதும், அது பாட்டுக்குப் போயிரும். நேத்து ராத்திரி தோட்டத்துல தண்ணி கட்டிப்போட்டு வாரேன், பின்னால டக்கு டக்குன்னு ஒரு சத்தம். எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. ஒதுங்கி நின்னு, சாமி நீங்க முன்னால போங்கன்னு கும்புட்டேன். போச்சு. பாத்தா மரக்கட்டைச் செருப்பு, மஞ்சப் பட்டை, கையில செல்லு, மூஞ்சி பூரா வெளிச்சம். என்னையத் திரும்பிக்கூடப் பாக்கல. நேராப் போயி வாய்க்கால்ல எறங்கிச்சு.

முட்டியில மஞ்சப் பத்துப் போட்டயா?