பஸ் எந்தக் கட்டத்தில்?

வேலூர், பெங்களூரு பக்கம் போகும் பஸ்களுக்காகச் சென்னையை அடுத்த குத்தம்பாக்கத்தில் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) எழுப்பிய நிலையத்தில் சாய்தளம் இல்லையென்றால் பேப்பரில் படம் வரும். டிக்கெட் விற்கும் இணையதளங்கள் பலவற்றில் வெறும் படிக்கட்டுதான், படமெடுக்க ஆளில்லை.

பார்வையற்றவர் உள்ளே போனால் திரைவாசிப்பான் “பட்டன், பட்டன், பட்டன்” என்று ஜபிக்கும். எது பணம் கட்ட, எது ரத்து செய்ய? ஆண்டவனுக்கே வெளிச்சம். பட்டனுக்குப் பெயர் வைக்க ஒரு வரி நிரல் போதும். ஆனால் அதற்குத் திறப்புவிழா வைக்க முடியாதே! அதையும் தாண்டினால், நீங்கள் மனிதர்தானா என்று பரீட்சை: பஸ் தெரியும் கட்டங்களை எல்லாம் தொடவும்.

சட்டம் இல்லாமலில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, விதிகள் வந்த இரண்டே ஆண்டில் தனியாரும் சேவைகளைச் சரிசெய்ய வேண்டும் என்றது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2019-லேயே காலி. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் அணுகலும் வாழ்வுரிமையே என்றது.

விவரமான முதலாளி உடனே இணையதளத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலிச் சின்னம் ஒன்றை ஒட்டுவார். அழுத்தினால் எழுத்து பெரிதாகும், பார்வையில்லாதவருக்கு! குறையிருந்தால் வாடிக்கையாளர் சேவையை அழைக்கலாம். தொலைபேசி எண்ணை அழகான படமாகப் போட்டிருக்கிறார்கள்.