பந்தி நடத்தத் தெரிந்தவனுக்கு எந்தக் காலேஜ்?

எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் படிப்பைத் தேர்ந்தெடுத்தது கிடையாது. படிப்புதான் எங்களைத் தேர்ந்தெடுக்கும். கணக்கு மார்க் முழுசாக, பிசிக்ஸில் பாதி, கெமிஸ்ட்ரியில் பாதி, ஆகமொத்தம் 200-க்கு இவ்வளவு என்று ஒரு கட்-ஆஃப் வரும். அதைக் கொண்டுபோய் கவுன்சலிங்கில் நீட்டினால் ஒரு காலேஜும் ஒரு பிராஞ்சும் கிடைக்கும். மெக்கானிக்கல் கிடைத்தால், "சின்ன வயசுலேயே சைக்கிளைப் பிரிச்சுப் போட்டவனாச்சே" என்போம். சிவில் கிடைத்தால், "மணல்ல வீடு கட்டித்தானே விளையாடுவான்" என்போம். ஆர்வமெல்லாம் அலாட்மென்ட் ஆர்டர் வந்த பிறகு தேடிக் கண்டுபிடிப்பது.

இப்படி மெக்கானிக்கல் கிடைத்த என் தங்கை மகன், சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் பார்க்கிறான். அடுத்தவன் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. எங்கள் வீட்டில் எல்லோரும் சம்பளமில்லாமல் செய்துவருவது. நாலு வருஷம் அதைச் செய்துவிட்டு, இந்தத் தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் திருச்சிக்கு வந்து, எம்.பி.ஏ. படிக்கப்போவதாகச் சொன்னான்.

தங்கை உடனே எனக்குப் போன் போட்டாள். "அண்ணே, நீதான் பேங்க்ல உக்காந்து ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் எஜுகேஷன் லோன் குடுத்தவன். எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். ஆனால் இவனுக்கு எது நல்ல காலேஜ் என்பதுதான் கேள்வி என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதென்ன, நல்லது எல்லாருக்கும் நல்லதுதானே?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பம் கூடியது. பையனின் பெரியப்பா தலைமை. அவர் கட்சி தெளிவானது. "ஐ.ஐ.எம். நம்ம ஊர்லயே இருக்கு. புதுக்கோட்டை ரோட்டுல, சூரியூர்ல. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஏறினா போயிட்டு வந்துடலாம். மதியத்துக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் குடுத்துடலாம்." சூரியூர் என்றால் எங்களுக்கு ஜல்லிக்கட்டு. 2011-ல் என்.ஐ.டி. வளாகத்தில் ஒண்டுக்குடித்தனமாக ஆரம்பித்த ஐ.ஐ.எம். பிறகு அங்கே சொந்தக் கட்டடத்துக்குப் போனது, எங்கள் ஊருக்கு இன்னொரு வாடிவாசல் கிடைத்த மாதிரி. பெரியப்பாவுக்கு அங்கே விடுதியில்தான் தங்கவேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கும் பாடம் ஓடும் என்று விளக்கினோம். "வீடு இங்க இருக்கும்போது எதுக்குங்க விடுதி?" என்றார். அவரிடம் பதில் சொல்ல யாராலும் முடிந்ததில்லை.

ஐ.ஐ.எம். என்று எல்லோரும் ஒரே பெயரில் சொன்னாலும் அது ஒரே கடை இல்லை. கல்கத்தாவும் அகமதாபாத்தும் 1961-ல் தொடங்கியவை; பெங்களூரு 1973; நம் திருச்சி வெகுகாலம் கழித்துப் பிறந்த தம்பி. இப்போது இருபதுக்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் நுழைவுத் தேர்வு கேட் (CAT) ஒன்றுதான். இரண்டு மணி நேரம், மூன்று பகுதி, பகுதிக்கு நாற்பது நிமிடம். சரியான விடைக்கு மூன்று மதிப்பெண். தவறாகக் குறித்தால் ஒன்று பறிபோகும். இதுவரைக்கும் எங்களுக்குப் புரிந்தது. கட்-ஆஃப்தானே, வரட்டும், பார்த்துக்கொள்வோம் என்று எல்லோரும் நிம்மதியானார்கள்.

அப்போதுதான் பையன் மீதியைச் சொன்னான். கேட் மார்க் மட்டும் போதாதாம். பல ஐ.ஐ.எம்.களில் பத்தாம் வகுப்பு மார்க்கையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்ப்பார்களாம். இருபத்தைந்து வயதுக்காரனுக்குப் பதினைந்து வயதுப் பாவம். "சோசியல் சயின்ஸ் பரீட்சைக்கு முதல் நாள் கிரிக்கெட் பார்த்தே, ஞாபகம் இருக்கா?" என்று தங்கை ஆரம்பித்தாள். ஒரு தாய்க்குப் பத்து வருஷம் கழித்து இவ்வளவு பெரிய வெற்றி கிடைத்து நான் பார்த்ததில்லை.

அது முடிவதற்குள் அடுத்தது வந்தது. வகுப்பறையில் இன்ஜினியர்களே நிறைந்துவிட்டதால் மற்ற பாடம் படித்தவர்களுக்குச் சில இடங்களில் கூடுதல் புள்ளி. பெண்களுக்கும் அப்படியே. என் அம்மாவுக்கு, அதாவது அவன் அம்மாச்சிக்கு, இதைப் புரியவைக்க நாங்கள் பட்ட பாடு! இந்த வீட்டில் ஆண்பிள்ளை என்பதற்காக அவனுக்குக் கூடுதல் அப்பளம் வைத்தவர் அவர். இன்ஜினியர் ஆனதற்குச் சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போனவர். "ரெண்டுமே குத்தமாடா?" என்றார். அடுத்த வீட்டு பி.ஏ. வரலாறு படித்த பெண் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அம்மா அவளைப் பார்த்த பார்வையில் முதல்முறையாக மரியாதை தெரிந்தது.

இங்கே நான் என் அனுபவத்தைக் கொஞ்சம் அவிழ்த்துவிட்டேன். பேங்கில் இருந்தவனுக்குக் காலேஜ் தரவரிசையெல்லாம் ரெண்டாம்பட்சம். 2016-லிருந்து மத்திய அரசே என்.ஐ.ஆர்.எஃப். பட்டியல் போடுகிறது, நல்லதுதான். ஆனால் எங்களிடம் வேறொரு பட்டியல் உண்டு: எந்தக் காலேஜில் இடம் கிடைத்தால் வீட்டுப் பத்திரம் கேட்காமல் எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பது. சாதாரணமாக ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் அடமானம் கேட்போம். பெரிய காலேஜ் என்றால் அதைப் போல் பல மடங்கை, பையனின் மூஞ்சியைக்கூடப் பார்க்காமல் கொடுப்போம். நல்லாசிரியர், வளாகம், நூலகம் என்று பேசுகிறவர்கள் பேசலாம். பத்திரம் கேட்காமல் பேங்க் பணம் கொடுக்கிறது என்றால் அதற்கு மேல் ஒரு பாராட்டை நான் அறியேன்.

ஆனால் திருப்பிக் கட்டப்போகிறவன் பையன். கட்டணம் பல ஐ.ஐ.எம்.களில் இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டது. இருபது லட்சம், பத்து சதவீத வட்டி, பத்து வருஷம் என்றால் மாதத் தவணை 26,000 ரூபாய்க்கு மேல். படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கட்டவேண்டாம். வட்டி மட்டும் தூங்காது. காலேஜ் விளம்பரத்தில் 'சராசரிச் சம்பளம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ஒருத்தனுக்கு ஒரு கோடி கிடைத்தால் சராசரி தானாக ஏறிவிடும், நடுவில் நிற்கிறவனுக்கு எவ்வளவு என்று கேளுங்கள் என்பேன். அந்த எண்ணைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், அல்லது போட்டிருக்கமாட்டார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் எஃப்.எம்.எஸ். 1954-லிருந்து நடக்கிறது, மொத்தக் கட்டணமே மற்ற இடங்களின் பத்தில் ஒரு பங்குதான் வரும், வேலையும் பிரமாதமாகக் கிடைக்கிறது. இதைச் சொன்னதும் பெரியப்பா முகம் சுளித்தார். "இவ்வளவு கம்மியா வாங்குறான்னா ஏதோ கோளாறு இருக்கு."

நான் கையெழுத்துப் போட்ட கடன்களில் இரண்டை மறக்கமுடியாது. ஒன்று, முசிறிப் பக்கம் வாழைக்காரர் மகள். பி.எஸ்ஸி. அக்ரி. ஊரே ஃபைனான்ஸ் எடு என்றது. அவள் குஜராத்தில் ஆனந்துக்குப் போனாள், வர்கீஸ் குரியன் 1979-ல் தொடங்கிய இர்மாவுக்கு. பாலைக் கறப்பவரே பால் கம்பெனிக்கு முதலாளியாக இருந்தால் அதை நிர்வாகம் செய்ய ஆள் வேண்டுமே, அந்த ஆளைத் தயார் செய்வதற்கென்றே தொடங்கிய இடம். இப்போது அது திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துவிட்டது. கிராமத்தில் போய்த் தங்கிப் படிப்பது அங்கே பாடத்திலேயே உண்டு. அப்பா பேங்குக்கு வந்து என்னிடம் முறையிட்டார்: "சார், எட்டு வயசுல இருந்து வயக்காட்டுலதான் கெடந்துச்சு. அதே வயக்காட்டைப் பாக்க ரயிலேறிக் குஜராத்துக்குப் போகுது, அதுக்குக் கடன் வேற." கடனைக் கொடுத்தேன். சொன்ன தேதிக்கு முன்னாலேயே முடித்துவிட்டது அந்தப் பெண்.

இன்னொன்று, கரூர்க்காரர். பெட்ஷீட்டும் சமையலறைத் துண்டும் ஏற்றுமதி. மகனுக்குப் பெரிய காலேஜ், பெரிய பிளேஸ்மென்ட் என்று ஆசை. அப்பாவுக்கு மகன் தறிப்பட்டறைக்குத் திரும்பவேண்டும் என்று ஆசை. திரும்பி வரப்போகிறவனுக்குப் பிளேஸ்மென்ட் எதற்கு? மும்பை எஸ்.பி. ஜெயின் போன்ற இடங்களில் குடும்பத் தொழில் பிள்ளைகளுக்கென்றே தனிப் படிப்பு இருக்கிறது, மாதத்தில் ஒரு வாரம் வகுப்பு, மீதி நாள் சொந்தக் கம்பெனியில் என்றேன். கரூர்க்காரர் கண்ணில் ஒளி வந்தது. "மீதி மூணு வாரம் நம்மகிட்டயா? சம்பளம் குடுக்கணுமா சார்?"

பையனுக்கு வேறு யோசனைகளும் வந்தபடி இருந்தன. நியூஜெர்சி அத்தை மகன் போனில் ஹைதராபாத் ஐ.எஸ்.பி.தான் என்றான்: ஒரே வருஷம், வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு ஏற்றது. மணமையில் இருக்கும் கிரேட் லேக்ஸிலும் ஒரு வருஷப் படிப்பு உண்டு, கடலும் பக்கம் என்றாள் தங்கை. கடலுக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. பெரியப்பா எல்லாவற்றுக்கும் இந்திரா நூயியை இழுத்தார். நூயி சென்னையில் கிறிஸ்தவக் கல்லூரி, பிறகு கல்கத்தா ஐ.ஐ.எம்., அது உண்மைதான். ஆனால் அதன் பிறகு அமெரிக்காவுக்குப் போனபோது அவர் சேர்ந்தது ஹார்வர்டில் இல்லை. 1976-ல்தான் முதல் மாணவர்களைச் சேர்த்திருந்த யேல் மேலாண்மைப் பள்ளியில். அங்கே ஒரு வேலைக்கான நேர்முகத்துக்கு அளவு சேராத சூட்டில் போய்ச் சங்கடப்பட்டார். அடுத்ததற்குப் புடவை கட்டிக்கொண்டு போனார், வேலை கிடைத்தது. இதைச் சொன்னதும் பெரியப்பா, "அப்ப இவன் வேட்டியில போகலாமா?" என்றார்.

எல்லாம் சரி, விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாகவே இருந்தது. 'உங்கள் பின்னணி என்ன, எதற்காக எம்.பி.ஏ., ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள்? ஐந்நூறு சொற்களுக்குள் எழுதவும்.' கட்-ஆஃப் இதைக் கேட்டதே இல்லை. பையன் கோச்சிங் சென்டரில் கொடுத்த மாதிரியைப் பார்த்து எழுதி வைத்திருந்தான்: வேகமாக மாறிவரும் உலகில் மாற்றத்தை உருவாக்கும் தலைவனாக ஆக விரும்புகிறானாம். நான் இவனைத் தொட்டிலில் ஆட்டியவன். காலையில் தோசையா இட்லியா என்று கேட்டால் "எதுனாலும் சரி மாமா" என்பவன் இவன்.

"மாப்ளே, உனக்கு என்னதான் பிடிக்கும்?" என்றேன்.

அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் அவன் அப்பாவைப் பார்த்தாள். அவர் பேப்பரைப் பார்த்தார். இருபத்தைந்து வருஷத்தில் இந்தக் கேள்வி அந்த வீட்டில் முதல்முறையாக விழுந்திருந்தது. தரவரிசைப் பட்டியல் நம் வீடுகளில் இவ்வளவு செல்லமாக இருப்பதற்குக் காரணம் அன்றுதான் எனக்கு விளங்கியது. பட்டியல் கையில் இருந்தால் பையன் எப்படிப்பட்டவன் என்று யாரும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

கடைசியில் அம்மாச்சிதான் சொன்னார். "பந்தி நடத்துவானே, அதை எழுதச் சொல்லு."

அட! எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் சாப்பாட்டுக் கூடம் இவன் பொறுப்பு. யாரும் கொடுத்ததில்லை, இவனே போய் நின்றுகொள்வான். முதல் பந்தி உட்கார்ந்திருக்கும்போதே இரண்டாம் பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, சாப்பிடுகிறவன் ரசத்துக்கு வந்துவிட்டானா என்று எட்டிப் பார்ப்பார்களே, அந்தக் கொடுமையை ஒழித்தவன் இவன். சமையல்காரர் மெதுவாகப் பரிமாறுகிறார் என்று எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தபோது, தாமதம் அங்கே இல்லை, ஐஸ்கிரீமிலும் பீடாவிலும்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தான். சாப்பிட்டு முடித்தவர்கள் அதற்காக இலையை மூடாமல் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டையும் கூடத்துக்கு வெளியே வாசலில் வைத்தான். நாற்காலிகள் மளமளவென்று காலியாயின. இலை எடுப்பதையும் மொத்தமாகக் காத்திராமல் வரிசை வரிசையாக ஆக்கினான். இப்போது சமையல் கான்ட்ராக்டர் அட்வான்ஸ் வாங்கும்போதே, "தம்பி வருதுல்ல?" என்று கேட்கிறார்.

இதற்குப் பெயர் ஆபரேஷன்ஸ். இதற்கென்றே பேர்போன இடம் மும்பையில் இருக்கிறது. 1963-ல் நைட்டி என்ற பெயரில் தொடங்கி, 2023-ல் ஐ.ஐ.எம். மும்பை ஆனது. தொழிற்சாலை, சரக்குப் போக்குவரத்து, கிடங்கு என்று வெகுகாலமாக அது இன்ஜினியர்களின் கோட்டை. அங்கே ஐஸ்கிரீமை எங்கே வைப்பது என்று யோசிக்கிறவனை ஏற இறங்கப் பார்க்கமாட்டார்கள். அதை முதலில் போடு, திருச்சியை இரண்டாவதாகப் போடு, பெரியப்பாவுக்கும் திருப்தி என்றேன்.

கோச்சிங் சென்டரில் பந்திக் கட்டுரையைப் படித்துவிட்டு, இதெல்லாம் எழுதக்கூடாது, 'ஈவென்ட் மேனேஜ்மென்ட்' என்று மாற்று என்றார்களாம். மாற்றக்கூடாது என்று அம்மாச்சி உத்தரவு போட்டுவிட்டார். நேர்முகத்தில் எதைக் கேட்டாலும் இவன் இனி ரசத்திலிருந்து ஆரம்பிக்கலாம். ஆழமாகக் கேட்கக் கேட்க இவனுக்குப் பேச இருக்கும்.

எல்லாம் கூடிவந்த வேளையில் ராத்திரி பெரியப்பாவிடமிருந்து போன். கேட் தேர்வு நவம்பர் கடைசி ஞாயிறு. கார்த்திகை மாசம், நல்ல முகூர்த்தம். அவர் மகள் கல்யாணத்தை அதே ஞாயிறுக்குத்தான் முடிவு செய்து மண்டபத்துக்கு அட்வான்ஸும் கொடுத்திருக்கிறார்.

"காலை, மதியம், சாயங்காலம்னு மூணு ஷிப்டா பரீட்சை வைக்கிறாங்களாமே?" என்றார்.

ஆமாம், ஆனால் எந்த ஷிப்டு என்பதை அவர்களே ஒதுக்குவார்கள், நாம் கேட்கமுடியாது என்றேன்.

"பேங்க்ல இருந்தவர், உங்களுக்குத் தெரியாத ஆளா? யார்கிட்டயாவது சொல்லி அந்தச் சாயங்கால ஷிப்டை வாங்கிக் குடுத்துடுங்க. மூணாவது பந்தி எழுந்திருச்சதும் நானே கார்ல கொண்டுபோய் இறக்கி விட்டுடறேன்."