ஞாயிற்றுக்கிழமை அப்பா

கேள்வி: என் கணவர் ரியல் எஸ்டேட் புரோக்கர். ஐந்து பிள்ளைகள். ஞாயிறானால் ‘சைட் காட்டணும்’ என்று கிளம்பிவிடுகிறார். தொழிலையும் குடும்பத்தையும் எப்படித்தான் சமாளிப்பது?
– செங்கல்பட்டு வாசகி

பதில்: மனை வாங்குகிறவருக்கு ஞாயிறுதானே அம்மா லீவு! உங்களுக்கு லீவு ஆடி மாதம். ஆடியில் பத்திரம் பதிய நம்மவர்கள் தயங்குவார்கள். முழுசாக ஒரு மாதம் அவர் வீட்டில்தான். சிக்கல் என்னவென்றால், பள்ளிக் கட்டணம் ஆனியிலேயே வந்து நிற்கும். ஆகவே தை, மாசி கமிஷனை அவர் சட்டைப்பையில் தங்கவிடாதீர்கள். 30 லட்ச ரூபாய் மனைக்கு 2 சதவீதம் என்றாலும் 60,000 ரூபாய். அதுவும் பத்திரம் முடிந்தால்தான். அதுவரை பெட்ரோலும் டீயும் அவர் கணக்கு. (பாவம், அதையும் யோசியுங்கள்.)

ஒன்று மட்டும் கவனம். ‘அஞ்சே நிமிஷத்தில் வீட்டுக்கு வந்துடறேன்’ என்று போன் செய்தால் நம்பி இலை போடாதீர்கள். சைட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கும் அவர் அதே அஞ்சு நிமிஷம்தான் சொல்லியிருப்பார்.

ஆமாம், ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு கிரவுண்டாவது வாங்கிப் போட்டாரா? 2,400 சதுர அடி, ஆளுக்கு 480. பாதைக்கு இடம் விடச் சொல்லுங்கள்!