காதில் வாங்கினீர்களா?

500 ரூபாய்க்கு இயர்போன் வாங்கினேன். பேஸ் சத்தமே வரவில்லை. 5000 கொடுத்தால்தான் வருமா? – வாசகர், திண்டுக்கல்

பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? அதற்குள் இன்னும் இரண்டு ஜோடி ரப்பர் இருக்குமே! பெரும்பாலும் நடு அளவை மாட்டித்தான் அனுப்புகிறார்கள். காதுக்கும் ரப்பருக்கும் நடுவே நூலளவு இடைவெளி இருந்தாலும் முதலில் ஓடிப்போவது பேஸ்தான். பெரிய ரப்பரை மாட்டி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகுங்கள். பாட்டைப் போடாமல் வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். உங்கள் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் பொருந்திவிட்டது. வலது காதுக்குப் பெரியது, இடதுக்கு நடு அளவு என்றும் அமையலாம். இரண்டு காதும் ஒரே அளவு என்று யார் சொன்னது?

பிறகு இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டு, பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்காமல் வெறும் 'தொம் தொம்' என்று இடித்தால், அப்போது வேறு இயர்போன் பார்க்கலாம்.

நன்றாகப் பொருந்தினால் பஸ் இரைச்சல் அடங்கும். சத்தத்தைக் கூட்டவே தோன்றாது. உலக சுகாதார அமைப்பு காதுக்கு வைத்திருக்கும் வரம்பு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம்.